ஒரு ஜோடி மிச்சம்

ஜனவரி 5, ஞாயிறு

புது டைரி. முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, தொழில் எல்லாம் கேட்டிருக்கிறது. வசுமதி, ஐம்பத்திரண்டு, ஓ பாசிட்டிவ், நில அளவைத் துறையில் வரைவாளர் என்று எழுதினேன். போன வருட டைரியில் ஆகஸ்டுக்குப் பிறகு கடலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் அது அலுவலக பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. இதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளப்போகிறேன்.

இன்று கடலில் நாற்பத்திரண்டு நிமிடம். மேல்தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கொஞ்சம் கீழே போனால் இளஞ்சூடு. சுடுதண்ணீர் மேலேதானே வர வேண்டும்? பிலோமினா டீச்சரிடம் கேட்டேன். "நீந்த வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல். பதினோரு பேர் கொண்ட எங்கள் குழு அவருடையது. பெரியசாவடிக் குப்பத்துக் கரையில் திங்கள் தவிர எல்லா நாளும் காலை ஆறே காலுக்கு இறங்குகிறோம்.

டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம். மணலில் நட்ட மூங்கில் கழியிலிருந்து ஆரம்பித்து, எல்லோரும் செருப்பை வரிசையாகக் கழற்றிவிட வேண்டும். கரையேறியதும் முதல் வேலை செருப்பை மாட்டுவது. துண்டு, தண்ணீர், பேச்சு எல்லாம் அப்புறம். மணலில் செருப்பு இருந்தால் ஆள் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். ஓய்வுபெற்ற தாசில்தார் சீதாபதி சார் ஒருமுறை மறதியில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அன்று அவர் வாங்கிய திட்டை அவரிடம் வேலை பார்த்த கிராம நிர்வாக அலுவலர்கள் கேட்டிருந்தால் இனிப்பு கொடுத்திருப்பார்கள்.

வீட்டில், அலுவலகத் தோழிகளோடு கடற்கரையில் நடப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இவருக்குக் கடல் ஆகாது. கன்னியாகுமரிக்குக் கல்யாணமான புதிதில் போனபோது கணுக்கால் தண்ணீரில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர். சொன்னால் ராத்திரி தூங்க மாட்டார். அவர் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை.

ஜனவரி 8, புதன்

நீரோட்டத்துக்கு அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறேன். கழிக்கு நேராக இறங்கி, கையை அசைக்காமல் ஐந்து நிமிடம் மிதப்பது, பிறகு கழியிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறேன் என்று கரையில் அடியெடுத்து அளப்பது. இன்று தெற்கே நூற்றுப் பத்து அடி.

படகுக்காரர் தேசப்பண்ணன் பார்த்துச் சிரித்தார். வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் அதற்கு வன்னி என்று பெயராம். தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் தெண்டி. இப்போது வன்னி காலம் என்று கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வலை போட்டால் தெரியும் என்றார். எனக்கு வலை இல்லை, அட்டவணைதான் இருக்கிறது.

ஆகவே எங்கள் வழக்கம், முதலில் வடக்கே எதிர்த்து நீந்திவிட்டு, களைத்த பிறகு ஓட்டத்தோடு சொகுசாகத் திரும்புவது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடலுக்குப் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க இரண்டு தடவை மொட்டை மாடிக்குப் போனேன். வடகம் காயப்போட வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். வடகம் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

முன்கையில் சொறி, அதாவது ஜெல்லி மீன், அடித்துவிட்டது. கண்ணாடிக் குடை போல அழகாகத்தான் மிதந்து வந்தது. எவ்வளவு நீள விழுது என்று பார்க்கக் கிட்டே போனேன், தெரிந்துகொண்டேன். கை முழுக்கச் சாட்டையடித்த மாதிரி சிவப்பு வரிகள்.

வீட்டுக்கு வந்து பூச்சிக்கடி என்றேன். இவர் கையைப் பார்த்தார். பதினொரு மணிக்குக் கடைக்குப் போய் வினிகர் பாட்டில் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். எதற்கு என்றதற்கு, காளான் செய்யலாம் என்றார். முப்பது வருடத்தில் காளானைத் தொட்டதில்லை. போன மே மாதம் மின்வாரியத்தில் ஓய்வுபெற்றதிலிருந்து மனிதருக்கு என்னென்னவோ தோன்றுகிறது. சொறிக்கு வினிகர்தான் மருந்து. எனக்கு வசதியாகப் போயிற்று, தடவிக்கொண்டேன்.

குளியலறையில் மணல். என்னால்தான். எவ்வளவு உதறினாலும் வருகிறது. அவர் பார்ப்பதற்குள் கழுவிவிட்டேன். நான் குளிப்பதற்கு முன்பே எப்படி மணல் என்றுதான் விளங்கவில்லை. நேற்றைய மணலாக இருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆமை! எனக்குக் கீழே, இரண்டு கை தூரத்தில். கலங்கல் தண்ணீரிலிருந்து சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒன்று மேலே வந்து, என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போனது. நான் நீந்துவதை மறந்து உப்புத் தண்ணீரைக் குடித்தேன். பங்குனி ஆமை, முட்டையிட வருகிறது என்றார் தேசப்பண்ணன். அது எங்கிருந்து வந்திருக்கும்? எப்படி இந்தக் கரைதான் என்று தெரிகிறது? வரைபடம் வரைகிற எனக்கே பல்லாவரத்தில் வழி தப்புகிறது.

மார்ச் முப்பதாம் தேதி ஐந்து கிலோமீட்டர் நீச்சல் என்று டீச்சர் அறிவித்திருக்கிறார். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நான் பெயர் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று யாராவது கேட்டால், அந்த ஐந்தாவது கிலோமீட்டரில் என் கை என்ன செய்யும் என்று பார்க்கத்தான். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, தேவையாகவும் இல்லை. இந்த ஆறு மாதமாகக் காலையில் எழுந்திருப்பதே ஒரு விளையாட்டாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவசர எண்ணுக்கு அலுவலகத்து சுந்தரியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஸ்கூட்டரில் பெட்ரோல் சீக்கிரம் தீர்கிறது. நான் ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன், இவர் பால் வாங்கத்தான் எடுக்கிறார். மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். சரி என்றார்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று நான்கு கிலோமீட்டர் முடித்துவிட்டேன். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். டீச்சர் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. அவர் அகராதியில் அது மாலை மரியாதைக்குச் சமம்.

தேசப்பண்ணன் ஒரு புதுச் சேதி சொன்னார். யாரோ ஒருவர் தினமும் காலையில் வந்து, படகுகளுக்குப் பின்னால் நின்று, இன்றைக்கு அலை எப்படி, இழுப்பு எப்படி என்று கேட்கிறாராம். மாதக்கணக்காக வருகிறாராம். மீன்வளத் துறையாக இருக்கலாம், அல்லது நிலம் வாங்க வந்தவர். நம்மைப் போல ஒரு ஆராய்ச்சிக்காரர் என்றால் அட்டவணையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆள் எப்படியிருப்பார் என்று கேட்டேன். அண்ணன் அதற்குள் வலையைப் பிரிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு, காலை 8.10

தோசை சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். இன்று ஒரு வேடிக்கை.

இறங்கும்போது தேசப்பண்ணன், "நேத்தே தண்ணி திரும்பிச்சிமா. வடக்க போவாத" என்றார். டீச்சரும் எல்லோரையும் தெற்கே தொடங்கச் சொன்னார். என் அட்டவணையில் முப்பத்தைந்து நாள் இருக்கிறது, முப்பத்தைந்தும் தெற்கே இழுத்த நாட்கள். அடிக்கணக்கில், பென்சிலால், துல்லியமாக. ஒரே நாளில் கடல் திரும்புமா? போய்த்தான் பார்ப்போமே என்று நான் மட்டும் வடக்கே திரும்பினேன்.

என்ன வேகம்! ஒவ்வொரு கைவீச்சுக்கும் கரை பின்னால் ஓடியது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு தேர்ச்சியா என்று எனக்கே பெருமையாக இருந்தது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பினேன். அப்போதுதான் தெரிந்தது, வேகம் என்னுடையது இல்லை, கடலுடையது. பதினைந்து நிமிடம் எதிர்த்து நீந்தியும் அதே மஞ்சள் மதில் சுவருக்கு நேரேயே இருந்தேன். பயப்படவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். குறுக்காக நீந்தி, கல் கொட்டிய இடத்தைத் தாண்டி, ஏதோ விடுதிக்குப் பின்னால் கரையேறினேன்.

அங்கிருந்து குப்பத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டராவது இருக்கும். நடந்து போயிருக்கலாம். ஆனால் டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்பார், ஐந்து கிலோமீட்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார். நீந்தும்போது இடுப்பில் கட்டி இழுத்துவருகிற மிதவைப் பைக்குள் வீட்டுச் சாவியும் நூறு ரூபாய்த் தாளும் இருந்தன. சந்து வழியாகச் சாலைக்கு வந்து ஆட்டோ ஏறிவிட்டேன். வெறுங்கால். செருப்பு ஞாபகத்துக்கே வரவில்லை.

இவர் வீட்டில் இல்லை. பால் பாக்கெட்டையும் காணோம், ஸ்கூட்டரையும் காணோம். போனைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே இவ்வளவு நேரம்? என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. செருகிவிட்டுக் குளித்து, தோசை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போனுக்கு உயிர் வந்துவிட்டது. பத்தொன்பது அழைப்புகள். டீச்சர், டீச்சர், சுந்தரி, டீச்சர்

அதே நாள், மாலை

டீச்சரைக் கூப்பிட்டேன். வீட்டில் இருக்கிறேன் என்றேன். அவர் பக்கத்தில் யாரிடமோ, "வீட்டுல இருக்காங்களாம்" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார். வந்துக்கிட்டிருப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எந்த வீட்டுக்காரர் என்று கேட்கத் தோன்றியது. அவ்வளவு மடத்தனமாக இருந்தது மூளை.

ஒன்பது நாற்பதுக்கு வந்தார். கால்சட்டை தொடை வரை நனைந்திருந்தது. சட்டையெல்லாம் மணல். கையில் என் செருப்பு. வாசலில் குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

பேசவில்லை. நானும் பேசவில்லை. காளான் செய்தேன். சாப்பிட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

குப்பத்துக்குப் போனேன். ஒன்றே கால் மணி நேரம் மூன்று படகுகள் என்னைத் தேடியிருக்கின்றன. விடியற்காலையில் போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், தேசப்பண்ணன் கையை மட்டும் அசைத்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மற்றதை அவர்தான் சொன்னார். எல்லோரும் கரையேறிப் பத்து ஜோடி கிளம்பிவிட்டது, கழியோரம் ஒரு ஜோடி மட்டும் மிச்சம். டீச்சர் எண்ணி முடிப்பதற்கு முன்பே படகுகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்திருக்கிறார்.

"தெனம் வந்து அலை கேப்பாரே, அவருதாம்மா. உன் செருப்பக் கையில எடுத்துகினு அப்டியே தண்ணில நடக்குறாரு. நாங்க நாலு பேரு புடிச்சி இழுத்தோம். நீச்சல் தெரியுமான்னா, தெரியாதுன்றாரு."

வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரலாம் என்று சீதாபதி சார் சொல்லியிருக்கிறார். இவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லையாம். செருப்பு இங்கேதானே இருக்கிறது என்றாராம். சட்டத்தை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். ஆகஸ்டிலிருந்து.

வினிகர், மணல், பெட்ரோல். ஆமை எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நான்.

டீச்சரின் தீர்ப்பு: மூன்று வாரம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, ஆனால் தினமும் வர வேண்டும். கழியோரம் உட்கார்ந்து செருப்பு எண்ண வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்குப் பெயர் இருக்குமா என்று கேட்டேன். விண்ணப்பம் இருபதாம் தேதிக்குள் வீட்டுக்காரர் கையெழுத்தோடு வந்தால் பார்க்கலாம் என்றார். அது எனக்குக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று பேசினார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் முதலில் துணைமின் நிலையத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்வார்கள். எல்.சி. வாங்குவது என்று பெயர். வேலை முடிந்து இறங்கியதும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.

"முப்பத்தோரு வருஷம் எல்.சி. வாங்கி ஏறியிருக்கேன், வசு. மழையில, காச்சல்ல. எறங்கினதும் திருப்பிக் குடுக்காம ஒரு நாள் வீட்டுக்கு வந்ததில்ல. மேல ஆள் இருக்குன்னு நம்பி அங்க ஒருத்தன் ஒக்காந்திருப்பான்."

அவ்வளவுதான். ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 2, ஞாயிறு

கரைக் காவல். ஆறே காலுக்கு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பத்து ஜோடி செருப்பும் நானும். பதினைந்து நிமிடத்தில் தலைகள் புள்ளியாகின்றன, அப்புறம் அலை எது தலை எது என்று தெரியவில்லை. உள்ளே இருக்கும்போது கடல் எனக்கு ஒரு கேள்வித்தாள். கரையில் உட்கார்ந்தால் அது வெறும் தண்ணீர், நிறையத் தண்ணீர்.

சீதாபதி சார் நான்கு நிமிடம் தாமதம். நான்கே நிமிடம். ஒன்பது ஜோடி போய்விட்டது, அவருடைய தேய்ந்த பழுப்புச் செருப்பு மட்டும் கிடக்கிறது. இடது கட்டைவிரல் பட்ட இடத்தில் பள்ளம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஏதோ நட்சத்திர மீன் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டே வந்தார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

ஒன்றே கால் மணி நேரம் என்பது எத்தனை நான்கு நிமிடம்?

மார்ச் 4, செவ்வாய்

நாட்குறிப்பிலும் பொய் எழுதியிருக்கிறேன். செருப்பு ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுதினேனே, வந்தது. ஆட்டோவில் கால் வைத்தபோதே வந்தது, வெறுங்காலில் தகடு சில்லென்றது. யாராவது எடுத்து வைப்பார்கள், சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்து சமாளிக்கலாம் என்று நினைத்தேன். தப்பு செய்ததை யாரும் பார்க்கக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பயப்படவில்லை என்று எழுதியதும் பொய். அந்த மஞ்சள் மதில் நகராதபோது எனக்கு உயிர்ப் பயம் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் நான் நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இவர் இன்று படகுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராக வந்து கழிக்கு அந்தப் பக்கம், என்னிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தோம். பெட்ரோல் மிச்சம்.

பேப்பரின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார். கடைசி ஆள் கரையேறியதும் மடித்தார்.

மார்ச் 11, செவ்வாய்

கேள்வி கேட்கிறார்! காலையில் கழியோரம் உட்கார்ந்திருந்தபோது, "கீழ என்ன தெரியும்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, பச்சையாக இருக்கும் என்றேன். ஒன்றும் தெரியாததைப் பார்க்கவா போகிறாய் என்றார். அந்தப் பச்சை தினமும் வேறு பச்சை என்றேன். மழை நாளில் டீத்தண்ணீர் நிறம், வெயில் ஏறினால் கண்ணாடி வளையல் நிறம். காதுக்குள் மணல் உருள்கிற சத்தம் கேட்கும், வேர்க்கடலை வறுக்கிற மாதிரி. மூச்சை விட்டால் குமிழி கன்னத்தைத் தடவிக்கொண்டு போகும்.

ஆமையைச் சொன்னேன். பேப்பர் கீழே இறங்கியது. எவ்வளவு பெரிது, கண் இமைக்குமா, கடித்தால் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டார். இமைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை பார்த்துச் சொல்கிறேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. இருவரும் கடலைப் பார்த்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

விண்ணப்பத்தை மேஜையில் வைத்தேன். ஒளிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போகப் போவதில்லை, அதையும் சொன்னேன். எனக்கு இது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது.

தாளைக் கையில் எடுத்துப் படித்தார். தெரிந்தும் ஏன் ஏழு மாதம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெரியும்னு சொன்னா, வேணாம்னும் சொல்லணும்" என்றார். "வேணாம்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல. நீ திரும்பி வரும்போது உன் மூஞ்சியப் பாத்திருக்கேன். அதான் தெரியாத மாதிரியே இருந்தேன்."

அவருக்கு ஒன்பது வயதில் அக்கா ஒருத்தி ஏரி மதகில் மூழ்கிப் போய்விட்டாள் என்று கல்யாணத்தின்போது மாமியார் ஒரு வரியில் சொன்னது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. இன்று அவரே சொன்னார். மதகுக் கட்டையில் அக்கா தாவணியை மடித்து வைத்துவிட்டு இறங்கினாளாம். இவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். சாயங்காலம் வரை தாவணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், அது காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று. தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையாம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏன் தண்ணீரில் நடந்தார் என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடவில்லை. யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் 20, வியாழன்

போட்டுவிட்டார். ஒரு நிபந்தனை. காவல் படகில் அவரும் வருவார். கரையில் உட்கார மாட்டாராம். படகில் ஏறியதுண்டா என்று கேட்டேன். பரிசலில்கூட இல்லை. டீச்சர் ஒருமுறை என்னையும் ஒருமுறை அவரையும் பார்த்துவிட்டு, வாந்தி வந்தால் கரைக்குத் திருப்ப முடியாது, மற்றவர்களுக்கும் அதே படகுதான் என்று எச்சரித்தார். திருப்ப வேண்டாம் என்றார் இவர்.

மார்ச் 21, வெள்ளி

தண்ணீர்! தோள் துருப்பிடித்திருக்கிறது. பரவாயில்லை. தெண்டி, வடக்கே இருநூறு அடி. அட்டவணையில் எழுதுவதற்கு முன் தேசப்பண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

தெற்கே ஐந்து கிலோமீட்டரில் இறக்கிவிட்டார்கள். ஓட்டத்தோடு வடக்கே நீந்திக் குப்பத்தில் ஏற வேண்டும். ஒன்பது பேர், இரண்டு படகுகள். கடைசியில் வருகிறவர்களுக்கு தேசப்பண்ணன் படகு, அதாவது எனக்கு. அதில் ஆரஞ்சு உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் இவர். கல்யாண போட்டோவில்கூட அவ்வளவு விறைப்பாக இல்லை.

அரை மணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டிலை எறிவது அவர் வேலை. நான் மிதந்தபடி குடித்துவிட்டு விட வேண்டும், படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் பாட்டில் என் தலையில் விழுந்தது. இரண்டாவதுக்குள் அவர் விளிம்பில் குப்புறக் கிடந்தார். காலையில் சாப்பிட்ட இட்லி எல்லாம் கடலுக்குப் போயிற்று. ஒவ்வொரு முறை மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதும் ஆரஞ்சுச் சட்டையைத் தேடினேன். சில சமயம் தலை தெரிந்தது, சில சமயம் முதுகு.

மூன்றாவது பாட்டிலைக் குப்புறக் கிடந்தபடியே எறிந்தார். முகம் சாம்பல் நிறம். கொஞ்ச தூரத்தில் கரை, தேசப்பண்ணனே அவரை இறக்கிவிட்டு வருகிறேன் என்கிறார். மற்ற எட்டுப் பேரும் முன்னால் போய்விட்டார்கள், பின்தங்கியவள் நான் ஒருத்திதான். நானும் கையை நிறுத்தினேன். இறங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன். வேண்டுமானால் நானும் இத்தோடு ஏறிவிடுகிறேன் என்றும் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

அவர் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீ நீந்து. நான் தண்ணியப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

நீந்தினேன். ஐந்தாவது கிலோமீட்டரில் கை என்ன செய்யும் என்று பார்க்கத்தானே வந்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தானாகவே போய்க்கொண்டிருந்தது, எனக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. வலது பக்கம் மூச்சு எடுக்கும்போது மட்டும் அவர் கண் தெரிந்தது. பாதி மூடி, ஆனால் என்மேலேயே இருந்தது.

இரண்டு மணி இருபத்தாறு நிமிடம். கடைசி ஆள். டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிவிட்டு விடவில்லை.

படகு மணலில் முட்டியது. தேசப்பண்ணனும் நானும் ஆளுக்கொரு தோளில் இவரைத் தாங்கி இறக்கினோம். தலை முதல் கால் வரை உப்புத் தண்ணீர். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் சாய்த்துப் போட்டோம், வானத்தைப் பார்த்துக் கிடந்தார். நான் பக்கத்தில் நின்று கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தேன். இளநீர் கொடுக்கிற பெண் வேகமாக ஓடி வந்து, என்னைத் தாண்டிப் போய் அவரிடம் குனிந்தாள். பாவம், பெரியவர் ரொம்பக் களைத்துவிட்டார், எவ்வளவு தூரம் வந்தார் என்று என்னைக் கேட்டாள்.

"அஞ்சு கிலோமீட்டர்" என்றேன். "நடுவுல ஒரு எடத்துலகூடக் கரைக்குத் திரும்பல."

இவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. இளநீருக்குக் கையை நீட்டினார்.